பூட்டிய கேட்டும் புங்கங்கன்றும்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எட்டு மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நமக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் கிடையாது! பால், காப்பி, இட்லிக்குச் சட்னி, எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் என்று வேலை வரிசையாகக் காத்திருக்கும். 2018 ஜூலையில் ஒரு ஞாயிறன்று மட்டும் இந்த வழக்கத்திலிருந்து நழுவினேன். காப்பியை ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, என் எட்டு வயதுப் பையனை எழுப்பி முகம் கழுவச் செய்து, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிவிட்டேன்.

கோயிலுக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. குப்பை மேடாகக் கிடந்த ஓர் இடம் பூங்காவாக மாறியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் புறப்பட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. 2017-ல் தமிழ்நாடு முழுவதும் டெங்கு தலைவிரித்தாடியது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒன்று எதிர்வீட்டு மாமியின் பேத்தி. ஐந்து நாள் அந்த மாமி பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நல்லவேளை, குழந்தை பிழைத்தாள். கொசுப்புழு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் பார்த்தார். ஒரு வீட்டிலும் அதிகம் கிடைக்கவில்லை. கடைசியில் தெருக்கோடியிலிருந்த எங்கள் காலனிப் பூங்காவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பழைய டயர், ஏழெட்டு தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப்புகள்... எல்லாவற்றிலும் புழு நெளிந்தது!

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் அடித்ததே, அன்று சாய்ந்த மரங்கள் அந்தப் பூங்காவில் அப்படியே கிடந்தன. அவற்றின் மேல் கொடி படர்ந்து, அதன் மேல் குப்பை விழுந்து, கேட்டில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. 'யாராவது சுத்தம் செய்ய மாட்டார்களா?' என்று எல்லோரும் சொன்னோம். அந்த 'யாராவது' ஒன்றரை வருஷமாக வரவே இல்லை.

பார்க்கா, காடா?

பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், அடுத்தது கோட்டூர்புரம். ரயில் மேலேயே ஓடுவதால் மொட்டை மாடிகளில் துணி காய்வதும், அப்பளம் காய்வதும் பார்த்துக்கொண்டே போகலாம். கோட்டூர்புரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே அடையாற்றங்கரை. அந்தக் கரையோரத்தில்தான் இருக்கிறது நான் தேடிப் போன இடம்.

ஒரு காலத்தில் அங்கே மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாதாம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டும் இடமாக இருந்தது. நகரத்து மரங்களைக் காப்பதற்காக 2005-ல் தொடங்கிய 'நிழல்' என்ற அமைப்பினர், 2006-ல் அந்த இடத்தைக் கையில் எடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் குழந்தைகளும் தன்னார்வலர்களும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, குப்பையை அள்ளி, குழி தோண்டி, நம் ஊர் மரங்களாகவே நட்டு வளர்த்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் என் பையன், "அம்மா, இது பார்க்கா, காடா?" என்றான். பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "ரெண்டும்தாம்ப்பா!" என்று சிரித்தார்.

உண்மைதான். நாம் பார்க் என்றால் நினைக்கிற பச்சைக் கம்பளப் புல்லும், கத்தரித்த குரோட்டன்ஸும், சிமெண்டு மான் பொம்மையும் அங்கே கிடையாது. புங்கம், பூவரசு, நீர்மருது என்று நம் பாட்டிமார்களுக்குப் பெயர் தெரிந்த மரங்கள். காலடியில் மெத்தென்று சருகு. ஏழெட்டுப் பையன்கள் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு ஓடினார்கள். தண்ணீரில் பாதி அவர்கள் சட்டையில்தான் ஊற்றியது என்றாலும் மீதி கன்றுகளுக்குப் போய்ச் சேர்ந்தது!

என் பையனிடமும் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் மூன்று முறை கூப்பிட வேண்டிய பிள்ளை, அன்று பத்து நடை நடந்தான்.

களை பிடுங்கியபடியே அந்தப் பெண்மணி சொன்ன விஷயங்கள் எனக்குப் புதிது. மயில்கொன்றை பார்வைக்கு அழகு. கோடையில் தெருவே சிவந்துவிடும். ஆனால் அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். வேர் ஆழமாய்ப் போகாது, கிளையும் சுலபமாக முறியும். புயல் அடித்தால் முதலில் சாய்வது இந்த ரகந்தான். நீர்மருதோ ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்கிற மரம். தண்ணீர் நின்றாலும் தாங்கும். பூவரசு கடற்கரை உப்பையே பொறுத்துக்கொள்ளும். புங்கம் வெயிலையும் வறட்சியையும் பொருட்படுத்தாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரத்துக் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்க முடியுமா? அப்படிப்பட்ட ஆற்றின் கரையில் மரம் வைப்பவர்கள் அழகை மட்டும் பார்த்தால் போதாது அல்லவா?

"சருகைக் கூட்டி எரிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எரிச்சா புகை நம்ம குழந்தைங்க மூச்சுலதானே போகும்? அங்கேயே விட்டா மண்ணுக்குச் சாப்பாடு. வெயில்ல மண்ணு காயாது, தண்ணியும் பாதி போதும்" என்றார்.

முதல் ஞாயிறு, நாலு பேர்

அடுத்த வாரமே எங்கள் காலனியில் வேலையை ஆரம்பித்தோம். எங்கள் பேட்டை எது என்று சொல்லப் போவதில்லை. வேளச்சேரிக்கு அப்பால் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துச் செயலாளரிடம் சொல்லிச் சாவி வாங்கினோம். "லேடீஸ் எல்லாம் செய்யற வேலையா இது?" என்று அவர் சிரித்தார். எதிர்வீட்டு மாமி விடவில்லை. "வீட்டைப் பெருக்கலாம், வாசலைப் பெருக்கலாம், பார்க்கை மட்டும் பெருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! சாவி உடனே கைக்கு வந்துவிட்டது.

முதல் ஞாயிறு நான்கு பெண்கள், மூன்று குழந்தைகள். இரண்டு மணி நேரம் முதுகொடிய வேலை செய்தும் கேட்டிலிருந்து பத்தடிதான் உள்ளே போக முடிந்தது. முட்புதரைப் பார்த்து மலைத்துப்போய் நின்றோம்.

அப்போதுதான் பின்பக்கச் சுவரின் மேல் வரிசையாக ஐந்து தலைகள் முளைத்தன. சுவருக்குப் பின்னால் குடிசைகள். எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள், பெயிண்டர், கொத்தனார், இஸ்திரி போடுகிறவர் எல்லோரும் குடியிருப்பது அங்கேதான். எட்டிப் பார்த்தவை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் மகள், சட்டென்று குரல் கொடுத்தாள்:

"அக்கா, அங்க கை வைக்காதீங்க! அந்தக் கட்டைக்கு அடியில சாரைப்பாம்பு இருக்குது. கண்ணாடித் துண்டெல்லாம் இந்த மூலையில. நாங்க காட்டறோம்!"

கேட்டைப் பூட்டி வைத்திருந்தது எங்களுக்குத்தான். அவர்கள் சுவரேறிக் குதித்து அந்தக் காட்டில்தான் இத்தனை நாளும் விளையாடியிருக்கிறார்கள்! எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு அத்துப்படி. சாரை விஷமில்லாத பாம்பு, எலி பிடித்து நமக்கு உபகாரம் செய்வது என்று ஒரு பெரியவர் சொன்னதால் அந்தக் கட்டையை மட்டும் தொடாமல் விட்டோம். இரண்டாம் வாரம் அது தானாகவே இடம் மாறிப் போய்விட்டது.

ஆறு ஞாயிறுகளில் எழுபது சாக்குக் குப்பை வெளியேறியது. காலனிப் பிள்ளைகளும் சுவருக்குப் பின்னாலிருந்த பிள்ளைகளுமாகப் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மாமி வாராவாரம் ஒரு தூக்கு நிறையப் பானகமோ, நீர்மோரோ கொண்டுவருவாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் பார்த்து, அக்டோபரில் பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். அதில் ஐந்து புங்கங்கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. உள்ளே ஒருவர், சுவருக்குப் பின்னால் ஒருவர் என்று ஜோடி சேர்த்தோம்.

குழந்தைகளை இறக்குமுன்...

நீங்களும் இப்படி ஒரு காரியத்தில் இறங்குவதாயிருந்தால், எங்களுக்கு உதவிய சில விஷயங்களைச் சொல்கிறேன்:

* துருப்பிடித்த ஆணி, கண்ணாடி, தகரம் ஆகியவற்றைப் பெரியவர்களே பொறுக்க வேண்டும். குழந்தைகளுக்குச் செருப்புப் போதாது, ஷூ அவசியம். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைக்குப் போடும் ஊசியோடு முடிந்துவிடுவதில்லை. ஒன்றரை வயது வாக்கிலும், 5-6 வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் போட வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

* கொத்துமல்லிச் செடி மாதிரி இலையும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவுமாக நிற்கிறதே பார்த்தீனியம், அதைப் பூ விடுமுன்பே வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது சுலபமாக வரும். வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். வீசிங் உள்ள குழந்தையை இந்த வேலைக்கு அருகிலேயே விடாதீர்கள். வாளி தூக்கச் சொல்லலாம்.

* டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையை விட, நல்ல தண்ணீர் தேங்கும் சின்னப் பாத்திரங்களில்தான் விரும்பி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் அதன் சங்கிலி அறுந்துபோகும். முட்டை தண்ணீரில்லாமலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுவதும் முக்கியம்.

* சருகுக் குவியலுக்குள் கையை விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டுங்கள். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் வைத்து, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

* ஒரு மூலையில் குழி வெட்டி, சருகைப் போட்டு, சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் நல்ல எரு. எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிகளுக்கும் அதுதான் இப்போது.

மறுபடி ஒரு பூட்டு

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பூங்கா அழகானதும் புதுப் பிரச்னை முளைத்தது. ஊஞ்சல் வந்தது, பெஞ்சு வந்தது, மாலையில் வாக்கிங் போகிறவர்கள் வந்தார்கள். 2020-ல் கொரோனாவுக்காக எல்லாப் பூங்காக்களையும் மூடினார்கள். மறுபடி திறந்தபோது எங்கள் கேட்டில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டும், "காலனிவாசிகளுக்கு மட்டும்" என்று ஒரு போர்டும் தொங்கின.

மூடிக் கிடந்த மாதங்களில் களை இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்கத் தாங்களாகவே வந்த அந்த ஐந்து பிள்ளைகளும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. போர்டை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, எங்க புங்கங்கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. எனக்குத் தொண்டையை அடைத்தது.

சங்கத்தில் கேட்டோம். "கண்டவர்களும் வந்தால் பாதுகாப்பு என்ன ஆவது? நம் காசு, நம் பார்க்" என்றார்கள். அவர்கள் பயத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. பெண் குழந்தைகளை வைத்திருப்பவர்கள் நாமும்தானே. ஆனால் எழுபது சாக்குக் குப்பையை அள்ளியபோது 'கண்டவர்கள்' இல்லையாம், ஊஞ்சல் வந்த பிறகு ஆகிவிட்டார்களாம். இது எந்த ஊர் நியாயம்?

அந்தச் சமயத்தில் கைகொடுத்தவர், எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு சர்வேயர் தாத்தா. "சண்டை போடாதீங்கம்மா, காகிதத்தை எடுங்க" என்றார். சங்கத்து பீரோவிலிருந்து காலனியின் மனைப்பிரிவு வரைபடத்தை எடுக்கச் சொல்லி, விரித்துக் காட்டினார்.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது, சாலைகள் போக மீதமுள்ள இடத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்குத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பூங்கா அப்படி ஒப்படைத்த இடம். பத்திரத்தின் நகலும் அதே பீரோவில், எலி கடிக்காமல் பத்திரமாயிருந்தது! ஆக, அது 'நம் பார்க்' இல்லை. ஊர்ப் பொதுச் சொத்து. பராமரிக்கும் உரிமை உண்டு, பங்கு போடும் உரிமை சங்கத்துக்குக் கிடையாது.

கூட்டம் போட்டோம். வழக்கமாக ஆண்கள் மட்டும் போகும் கூட்டத்துக்கு அன்று பதினாறு பெண்கள் போனோம். மாமி எழுந்தாள். "என் பேத்தியைக் கடிச்ச கொசு காலனிக் கொசுவா, குடிசைக் கொசுவான்னு அடையாளம் சொல்லத் தெரியுமா சார் உங்களுக்கு? கொசுவுக்குச் சுவர் கிடையாது. இங்கே குப்பை சேர்ந்தா அங்கே உள்ள குழந்தைக்கும் காய்ச்சல், அங்கே தண்ணி தேங்கினா இங்கே உள்ள குழந்தைக்கும் காய்ச்சல். சுத்தத்தை மட்டும் பூட்டி வெச்சுக்க முடியாது" என்றாள். ஒருவரும் பதில் பேசவில்லை.

அதன் பிறகு பாதுகாப்புக்கும் வழி பேசினோம். காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 7 வரை கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும். அந்த நேரங்களில் இரண்டு பெண்கள் முறை வைத்து உள்ளே இருப்போம். சாவி யாரிடம் என்று வந்தபோது, முறைப் பட்டியலில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் பெயரையும் எழுதினோம். "என் கையில சாவியா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் முறை. இதுநாள் வரை ஒரு வியாழன்கூடக் கேட் தாமதமாகத் திறந்ததில்லை.

போர்டையும் மாற்றினோம். "தயவு செய்து பூ பறிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள்" என்று பிள்ளைகளே எழுதினார்கள். ஐந்து புங்கங்கன்றுகளில் நான்கு தப்பித்து மரமாகிவிட்டன. சித்திரை வெயிலில் அவற்றின் நிழலில் பாய் விரித்துக் குழந்தைகள் பல்லாங்குழி ஆடுகிறார்கள். சுவருக்குப் பின்னாலிருந்து வந்தவர் யார், முன்னாலிருந்து வந்தவர் யார் என்று பார்த்தால் தெரியாது.

உங்கள் தெருக்கோடியிலும் பூட்டிக் கிடக்கிற பூங்கா ஒன்று இருக்கக்கூடும். சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறீர்களா? 1913 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். மற்ற ஊர்க்காரர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மரம் வெட்டவோ, புதிதாக நடவோ முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். நகை வாங்கும்போது ரசீது பார்க்கிறோமே, அதைப் போல.

பிறகு ஒரு துடைப்பம், நாலு சாக்கு, ஒரு தூக்கு நீர்மோர் போதும். ஆள் சேரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் பெருக்க ஆரம்பித்தால் சுவருக்கு மேலே தலைகள் தானாக முளைக்கும். அவர்களை மட்டும் உள்ளே கூப்பிட மறந்துவிடாதீர்கள்!